அகப்பக்கத்தின் பின்வாசலைக் காப்பது யார்?

ஆலயத் திருவிழா அன்னதானப் பதிவு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் ஒன்றுகூடல், திருப்பணிக்கு உபயம். எல்லாமே இப்போது அகப்பக்கத்தில் நடக்கின்றன. பாரத்தில் அடையாளக் கார்டு எண், கைப்பேசி எண், வீட்டு முகவரி என்று கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். அவை போய்ச் சேர்வது எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு. அந்தக் கணினியின் வாசலில் நிற்கும் மென்பொருளைத்தான் ‘வெப் செர்வர்’ என்கிறார்கள்.

தோட்ட ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னலில் நின்று கேட்டால் கிராணி தாளை எடுத்துத் தருவார். ஆனால், முன் அலமாரியில் உள்ளதை மட்டும்தான் தரலாம். பின்னறையில் இருக்கும் சம்பளப் பேரேட்டைத் தரக்கூடாது. வெப் செர்வரின் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

கிராணியை ஏமாற்ற ஒரு பழைய வழி உண்டு. கணினியில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து வைத்தால் ‘ஒரு கோப்புறை பின்னே போ’ என்று பொருள். முகவரியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் முன் அலமாரியைத் தாண்டிப் பின்னறைக்கே போய்விடலாம். அதனால் இரட்டைப் புள்ளியைக் கண்டால் மறுக்கும்படி செர்வர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நெடுங்காலமாகிறது.

அப்படியிருந்தும், 2021 செப்டம்பரில் வந்த அப்பாச்சி செர்வரின் 2.4.49 பதிப்பில் இந்தக் காவல் தளர்ந்தது. முகவரியைச் சரிபார்க்கும் பகுதியில் செய்த ஒரு மாற்றமே காரணம். புள்ளியைப் புள்ளியாக எழுதாமல் அதற்குரிய குறியீடாக எழுதினால் செர்வர் ஏமாந்தது. அக்டோபர் 4ஆம் தேதி திருத்தப்பட்ட 2.4.50 வந்தது. அதுவும் முழுமையாக இல்லை. குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கினால் கதவு மீண்டும் திறந்தது. மூன்றே நாளில், அக்டோபர் 7ஆம் தேதி, 2.4.51 வெளியானது. அதற்குள் ஊடுருவுபவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ‘அனுமதி தராத எதையும் கொடுக்காதே’ என்ற ஒரு வரி அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் முதலிலேயே எழுதப்பட்டு வரும். அதை அழிக்காமல் விட்டவர்களின் பின்னறைக் கோப்புகள் தப்பின. ஒரு பூட்டு பழுதானாலும் உள்ளே இன்னொரு பூட்டு இருந்தது. செர்வரின் அன்றாட வேலையைக் குறைந்த அதிகாரமுள்ள கணக்கில் ஓடவிடுவதும் இதே எண்ணத்தில்தான். கிராணியே ஏமாந்தாலும் அவர் கையில் எல்லாச் சாவியும் இருக்காதல்லவா?

“பழைய பதிப்பிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்களே, பிறகு எதற்குப் புதுப்பிப்பது?” என்று சிலர் கேட்பார்கள். 2.4.48இல் இந்த ஓட்டை இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் வேறோர் ஓட்டை இருந்தது. அதை அடைத்ததே 2.4.49 தான்!

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னம் வேறு கதை. 2015 இறுதியில் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத பக்கங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டியது. இன்று சிறிய சங்கம்கூட ஒரு காசு செலவில்லாமல் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது நம் தகவலை வழியில் யாரும் படிக்காமல் காப்பதோடு சரி. போய்ச் சேர்ந்த கணினியில் அந்தத் தகவல் எப்படி இருக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. மோசடிக்காரர்களும் அதே பூட்டைப் போடுகிறார்கள்.

நம் சங்கங்களில் பெரும்பாலும் யாரோ ஓர் இளைஞர் ஆர்வத்தோடு அகப்பக்கம் செய்து கொடுப்பார். பிறகு அவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விடுவார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: செர்வர் மென்பொருளைப் புதுப்பிப்பது நாமா, இடம் வாடகைக்குத் தரும் நிறுவனமா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? போன ஆண்டுத் திருவிழாப் பாரங்கள் இன்னும் அங்கே கிடக்கின்றனவா?

ஊடுருவல் நடந்ததாகச் சந்தேகம் வந்தால், சைபர் செக்கியூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ சேவையில் புகார் செய்யலாம்.