அமுங்கிப்போன களம்: நுரையா, கலவையா, உடைப்பா?



நம் கூட்டமைப்புக் களத்தில் போன மாசியில் வத்தல் காயப்போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிட்டங்கிச் சுவரை ஒட்டி இருக்கிற இரண்டு கட்டம் மட்டும் மூன்று அங்குலம் கீழே இறங்கிவிட்டது. ராத்திரி ஒரு தூறல் விழுந்தால் போதும், அங்கே தண்ணி கட்டி நிற்கும். அதில் நனைந்த வத்தல் வெளுத்துச் சண்டு வத்தலாகப் போனது. கமிஷன் கடையில் விலையைப் பாதியாகக் கேட்டார்கள். கடலை காயப்போட்டவர்களுக்குப் பூஞ்சணம் பிடித்தது. வத்தலிலும் கடலையிலும் ஈரத்தில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். ஆக, இரண்டு கட்டம் இறங்கியதில் நம் காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது.

சரிசெய்வது பற்றிக் கூட்டத்தில் பேசியபோது ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். டவுனிலிருந்து வந்த ஒருவர், நுரை ஏற்றினால் அரை நாளில் தரை மேலே வந்துவிடும் என்று செல்போனில் படம் காட்டினார். பார்க்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "தாயி, தரை மேலே வாரது இருக்கட்டும். அது கீழே போனது எதனாலேன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தீர்மானம் போடாமல் கூட்டத்தைத் தள்ளி வைத்தோம். அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். வீட்டுத் தரை, திண்ணை, மாட்டுக் கொட்டகைத் தளம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தரை ஏன் இறங்குகிறது?

சிமெண்ட் தளம் தன் பலத்தில் நிற்பதில்லை. கீழே இருக்கிற மண்மேல் படுத்திருக்கிறது. மண் இறங்கினால் தளமும் இறங்கும், இல்லையென்றால் விரியும். மண் இறங்கப் பெரும்பாலும் நாலு காரணங்கள்தான்.

1. நிரப்பிய மண்ணை இறுக்காமல் விட்டது. இரண்டடி மண்ணை ஒரே நாளில் கொட்டி, மேலாக மிதித்துவிட்டுத் தளம் போட்டால், அடுத்த இரண்டு மழையில் அது தானாக இறங்கும்.

2. தண்ணீர். கூரைத் தண்ணி, குழாயடித் தண்ணி ஒரே இடத்தில் விழுந்து உள்ளே போனால், மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

3. கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வருஷா வருஷம் தளத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்.

4. எலி வளை. தளத்துக்கு அடியில் பொந்து விழுந்தால் வெளியே தெரியாது.

நாமே பார்க்கலாம்

கடப்பாரைக் காம்பால் தளத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் 'டொக்' என்று கேட்கும். அடியில் பொந்து இருந்தால் பானையைத் தட்டின மாதிரி 'தொம்' என்று கேட்கும். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் மண் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த முறையில் பணம் போட்டாலும் வீண்தான்.

நாலு வழிகள்

முதல் வழி, மேலே பூசி மட்டம் பண்ணுவது. செலவு குறைவு, நம் ஊரில் அதிகம் நடப்பதும் இதுதான். பள்ளத்தில் கலவையை ஊற்றித் தேய்த்துவிடுவார்கள். பழைய சிமெண்டோடு புதுப் பூச்சு சரியாக ஒட்டாமல், ஓரத்திலிருந்து பெயர்ந்துவிடும். அடியில் உள்ள மண்ணுக்குப் பாரமும் கூடும். மண் இறங்கி முடிந்துவிட்டது, பள்ளமும் லேசானதுதான் என்றால் மட்டும் செய்யலாம்.

இரண்டாவது, கலவை ஏற்றுவது. தளத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலத் துளைகள் போட்டு, மண், சிமெண்ட், தண்ணீர் சேர்த்த குழம்பை எந்திரத்தால் அடியில் அழுத்துவார்கள். தளம் மெதுவாக எழும்பும். அமெரிக்காவில் 1930களிலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள். பொருள் செலவு குறைவு. ஆனால் பாரம் அதிகம், காய ஒரு நாளாவது விட வேண்டும்.

மூன்றாவது, நுரை ஏற்றுவது. 1970களில் பின்லாந்து நாட்டில் வந்த முறை. விரல் கனத் துளை போட்டு, இரண்டு திரவங்களைக் கலந்து உள்ளே விடுவார்கள். அவை சேர்ந்ததும் பல மடங்கு பொங்கி, பொந்தை நிரப்பித் தளத்தைத் தூக்கும். பாலியூரித்தேன் என்ற பொருள் அது. கால் மணி நேரத்திலேயே பெரும்பகுதி இறுகிவிடும், அன்றைக்கே தரையில் நடக்கலாம். பாரமும் மிகக் குறைவு. 10 அடிக்கு 10 அடியில் இரண்டு கட்டத்தை 3 அங்குலம் தூக்க 50 கன அடி நிரப்ப வேண்டும். மண் குழம்பு என்றால் அது சுமார் இரண்டரை டன். நுரை என்றால் சுமார் 70 கிலோ.

இதற்கும் குறைகள் உண்டு. அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் திரும்ப இறக்க முடியாது, தளம் விரியும். துண்டு துண்டாக உடைந்த தளத்துக்கு இது சரிப்படாது. கரிசல் உப்புவதை இது நிறுத்தாது. வேலை நடக்கும்போது வரும் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் செய்கிறவர்கள் முகமூடி போட வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது. எந்திர வண்டி தூரத்திலிருந்து வர வேண்டும் என்பதால் சின்ன வேலைக்குக் கட்டுபடியாவது கஷ்டம். வேலையை நிறுத்த முடியாத தொழிற்சாலைத் தரை, மூட முடியாத ரோடு போன்ற இடங்களுக்குப் பொருத்தமான முறை.

நாலாவது, உடைத்து மண்ணைச் சரிசெய்து புதிதாகப் போடுவது. நாளும் ஆளும் அதிகம். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சரிபண்ண முடிகிற வழி இது ஒன்றுதான்.

நாங்கள் செய்தது

களத்தின் ஓரத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தோம். இறுக்காத கரிசல், அதில் எலி வளை. மேலே பார்த்தால், கிட்டங்கிக் கூரைத் தண்ணி முழுவதும் நேராக அந்த இடத்தில்தான் விழுகிறது. நுரை ஏற்றியிருந்தால் தரை எழும்பியிருக்கும், தண்ணியும் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். நுரை வண்டி வந்துபோகிற செலவே நம் வேலைக்கூலியைத் தாண்டியது. அதனால் உடைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் கூரைக்குத் தகரத் தாவாரம் போட்டு, தண்ணியைக் குழாய் வழியாகக் களத்தை விட்டு வெளியே கொண்டுபோனோம். பிறகு இரண்டு கட்டத்தையும் உடைத்து, இரண்டடி கரிசலை அள்ளினோம். அந்தக் குழிக்கு 400 கன அடி, அதாவது நாலு யூனிட் கிராவல் வேண்டும். இறுக்கினால் குறையும் என்பதால் ஐந்து யூனிட் இறக்கினோம். ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணி தெளித்துத் திமிசு போட்டோம். அதன்மேல் ஜல்லித் தளம், அதற்கும் மேல் கான்கிரீட். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வெளிப்பக்கமாக வாட்டம் வைத்தோம். பழைய கட்டத்துக்கும் புதுக் கட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டோம். குழுவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பத்து நாள் தண்ணி கட்டினோம்.

ஆறு அங்குலக் கணக்கைக் காத்தது யார் தெரியுமா? சித்தாள் வேலைக்குப் போகிற நம் சகோதரிகள். மண்ணை மொத்தமாகக் கொட்டப் போனபோது, "நில்லுங்க மேஸ்திரி, இதை இறுக்கிட்டு அடுத்ததைக் கொட்டுங்க" என்று ஒருத்தி நிறுத்தினாள். முன்பு களம் போட்ட அன்றைக்கு நம்மில் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. அந்தத் தப்பு நம்முடையதும்தான்.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• தரை இறங்கிய காரணம் என்ன? அதை எப்படி நிறுத்துவீர்கள்?
• தண்ணி போக வழி செய்வது இந்தச் செலவில் சேருமா?
• மறுபடி இறங்கினால் எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு? எழுதித் தருவீர்களா?
• ஒரு சதுர அடிக்கு என்ன ஆகும்? வண்டி, கூலி, பொருள் தனித்தனியாக எவ்வளவு?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லாதவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை வாங்கி, கூட்டத்தில் படித்துக் காட்டி, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே வேலை கொடுங்கள். சங்கப் பணம் ஒவ்வொருத்தியும் வாராவாரம் வாயைக் கட்டிச் சேர்த்தது. மேலே பளபளவென்று தெரிகிற தரைக்குக் கொடுக்கும் முன், அடியில் இருக்கிற மண்ணை ஒரு தடவை தோண்டிப் பாருங்கள்.