டிரம்முக்குள் ஒரு சினிமா

மதுரையில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது பிடித்தமான இடம். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தீராது. ஏடிஸ் தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் புள்ளிகள். டிரம் காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்து, எட்டுப் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

நோட்டீஸில் இதை எத்தனை முறை அச்சடித்தாலும் மனதில் பதிவதில்லை. அனிமேஷனுக்கு அரை நிமிடம் போதும். டிரம்மைக் குறுக்கே வெட்டிக் காட்டலாம், முட்டையைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம், பத்து நாளைப் பத்து நொடியில் ஓட்டலாம். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஆனால் 12 படங்கள் வரைந்து ஒவ்வொன்றையும் இருமுறை காட்டினாலே கண் அதை அசைவாக ஏற்றுக்கொள்ளும். செலவு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு வழி திறந்தவர்களில் ராம் மோகன் முக்கியமானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். 1990-களில் யுனிசெஃப்புக்காக அவர் உருவம் கொடுத்த சிறுமிதான் மீனா. பெண்பிள்ளையின் படிப்பு, கைகழுவுதல், கழிப்பறை எல்லாவற்றையும் மிட்டு என்ற கிளியோடு சேர்ந்து அவள் தெற்காசியக் கிராமங்களுக்குக் கொண்டுபோனாள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'சயின்டிஃபிக் அனிமேஷன்ஸ் விதவுட் பார்டர்ஸ்' என்ற அமைப்பு இன்னொரு நல்ல வேலை செய்தது. படம் ஒன்றுதான், குரலை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவது. சில நிமிடப் படங்கள். செல்போனிலிருந்து செல்போனுக்கு அனுப்பலாம். மொசாம்பிக்கில் பயறைக் காற்றுப்புகாத கேனில் சேமிக்கும் முறையை இப்படிப் பார்த்துக் கற்றவர்களில் பெரும்பாலோர், இரண்டாண்டு கழித்தும் அதை மறக்கவில்லை.

மதுரையிலோ 1985-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கொசு ஆய்வுக்கென்று ஒரு மையம் தொடங்கியது. அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து அக்காமார் பேசுகிற தமிழில் குரல் கொடுத்துப் படமாக்க வேண்டும், செய்தி வாசிப்பவர் தமிழில் அல்ல. படத்தில் டிரம்மோடு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியும், மொட்டைமாடி டயரும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டும் கட்டாயம் வரவேண்டும். அந்தத் தட்டைப் பலர் வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை.