வெள்ளிக் காலுறையும் மலத்தொட்டிக் கிருமிகளும்

கிருமி என்றாலே நமக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான் நினைவுக்கு வரும். டிரஸர் சொல்லித் தந்ததும் அதுதான், ஆயாக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த படமும் அதுதான். ஆனால் தோழர்களே, நம் லயத்துக் கக்கூஸுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கும் செப்டிக் டேங்கில் இரவு பகல் பாராமல், ஓவர்டைமும் கேட்காமல் உழைக்கிற கிருமிகள் உண்டு. இந்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆலையிலிருந்து சூடாக வரும் பழுப்புக் கழிவைக் குளம் குளமாக இறக்கி விடுகிறார்களே, எதற்கு? அங்கே குமிழி விடுவதெல்லாம் கிருமிகள் கழிவைத் தின்று வாயுவாக மாற்றும் வேலைதான். பி.ஓ.டி. என்று ஓர் அழுக்குக் கணக்கு உண்டு. ஆலைக் கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1977-ல் வந்த சட்டம், ஆற்றில் விடும் தண்ணீருக்கு 1978-ல் 5,000 என்று தொடங்கி, 1984-க்குள் 100 ஆகக் குறைத்தது. அவ்வளவு அழுக்கைத் தின்று தீர்ப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள்தான்.

பட்டணத்து மலநீர் நிலையங்களிலும் இதே கதை. அங்கே காற்றை ஊதிக் கிருமிகளை வளர்க்கிறார்கள். அதில் ஒரு சாதி, சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவை மாற்றி அடக்கும். அது கொஞ்சம் நோஞ்சான். செத்தால் மறுபடி பெருக நாளாகும். அமோனியா ஆற்றில் கலந்தால் மீன் சாகும், குழாய்த் தண்ணீரும் நிற்கும். 2014-ல் லங்காட் ஆற்றில் அமோனியா ஏறியதால் சிலாங்கூரில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடியது நினைவிருக்கும். (அதற்குக் காரணம் வேறு.)

இனி வெள்ளிக்கு வருவோம். நாற்றம் அடிக்காத காலுறை, கிருமி அண்டாத பனியன் என்று விற்கிறார்களே, அவற்றில் சிலவற்றில் வெள்ளியைத் தூளிலும் தூளாக்கிச் சேர்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கின் பெயர் நானோமீட்டர். இந்தத் தூள் சில நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் வரை இருக்கும். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. ஆஸ்பத்திரியில் தீப்புண்ணுக்கு வெள்ளி கலந்த களிம்பு தடவுவது அதனால்தான். அது நல்ல உபயோகம்.

துணியில் இருக்கிற வெள்ளி துணியிலேயே நிற்குமா என்றால், நிற்காது. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலு தடவை அலசுவதற்குள் வெள்ளி ஏறக்குறைய முழுதும் கரைந்து வெளியேறியது. சிலவற்றில் கொஞ்சம்தான் போனது. அதே ஆண்டு மிசூரிப் பல்கலைக்கழகத்தில், அமோனியாவை அடக்கும் கிருமிகள் இருக்கும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வெள்ளித் தூளைச் சேர்த்தார்கள். கிருமிகளின் மூச்சு 86 சதவீதம் அடங்கிப்போனது. அதே அளவு கரைந்த வெள்ளி பாதியளவுதான் கெடுத்தது.

பயந்துவிடாதீர்கள், மறுபக்கமும் இருக்கிறது. வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு அது. மலநீரிலோ கந்தகம் ஏராளம். அந்த அழுகிய முட்டை நாற்றமே சாட்சி. வெள்ளித் தூள் அதில் போனதும் கொலுசு மாதிரியே கறுத்து, வீரியம் குறைந்து, அடியில் சேற்றோடு தங்கிவிடுகிறது. 2011-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இதைச் சிறிய நிலையம் ஒன்றில் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே உங்கள் காலுறையால் இன்றைக்கே தொட்டி நின்றுவிடாது. ஆனாலும் நாலு அலசலில் சாக்கடைக்குப் போகிற வெள்ளிக்கு நம் பை வெள்ளியை எதற்குக் கொட்டுவது? சாதாரணப் பருத்திக் காலுறையைச் சோப்புப் போட்டு வெயிலில் காயவைத்தாலே போதுங்க.

நம் தொட்டிக்கு உண்மையான எதிரிகள் வேறு. கக்கூஸ் கழுவ ஒரு மூடி மருந்து ஊற்றினால் தொட்டி தாங்கும். விருந்தாளி வருகிறார்கள் என்று போத்தலையே கவிழ்த்தால் தாங்காது. களைக்கொல்லிப் பம்பு கழுவிய தண்ணீர், பழைய மோட்டார் எண்ணெய், மிச்ச மருந்து எதையும் அதில் ஊற்றக் கூடாது. கிருமிகள் அடங்கினால் மலம் கரையாமல் தொட்டி சீக்கிரம் நிரம்பும், கால்வாயில் வழியும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற கால்வாய் அது. குடற்புழுவும் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் அங்கிருந்துதான் வீட்டுக்குள் வருகின்றன.

தொட்டி நிரம்பினால் நீங்களாக மூடியைத் திறந்து உள்ளே இறங்க வேண்டாம். கொலுசைக் கறுக்க வைக்கிற அதே கந்தக வாயு, மூடிய தொட்டிக்குள் சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து விழுவார். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் இருக்கிறது. தொட்டி எந்த நாளில் வழிந்தது, எந்த லயம் என்று எழுதிக் கிராணியிடம் கொடுங்கள். நகல் ஒன்றைச் சங்கக் கிளைச் செயலாளரிடமும் கொடுத்து வையுங்கள்.