வணிகரின் கவலையும் புத்தர் காட்டிய வழியும்

வியாபாரம் என்றால் கவலையும் கூடவே வரும். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் சாமையும் புளியும் கொள்முதல் செய்யும் நம் வணிகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பிடித்தால் சரக்கு நனையும். விலை இறங்கினால் முதல் கரையும். வெளியில் கொடுத்த பாக்கி வசூலாகும் முன்பே மொத்தக் கடைக்காரரின் தவணை வந்து நிற்கும். கடையை அடைத்துப் படுத்தாலும் கல்லாக் கணக்கு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதே நிலையில் தவித்த ஒரு வணிகரை நாம் அறிந்துகொள்வது நல்லது. 1924-இல் பர்மாவின் மாண்டலே நகரில் பிறந்தவர் சத்திய நாராயண கோயங்கா. தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். ஆனால் கடுமையான ஒற்றைத் தலைவலியால் துடித்தவர். வெளிநாட்டு மருத்துவமும் கைகொடுக்கவில்லை. 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் சென்றார். அவர் துறவி அல்லர். பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். "தலைவலி தீர மட்டும் வருவதானால் வேண்டாம், மனம் தூய்மையாக வருவதானால் வாருங்கள்" என்ற பொருளில் அவர் சொன்னாராம். கோயங்கா கற்றார். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, பின்னர் தொழில்கள் அரசுடைமையானபோதும் தியானத்தை விடவில்லை. 1969-இல் இந்தியா வந்து 2013-இல் மறையும் வரை பிறருக்குக் கற்பித்தார்.

புத்தர் சொன்ன கணக்கு எளிது. துன்பம் ஓர் அம்பு. அதை எண்ணி எண்ணி மருகுவது, நமக்கு நாமே எய்துகொள்ளும் இரண்டாவது அம்பு. விலை இறங்கியது முதல் அம்பு. "இனி என்ன ஆகுமோ" என்று இரவெல்லாம் புரள்வது இரண்டாவது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதைத் தவிர்க்கலாம்.

எப்படி? கடை திறக்குமுன் பத்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். மனம் பாக்கிக் கணக்குக்கு ஓடினால் கோபப்படாமல் திரும்ப மூச்சுக்கே அழைத்து வாருங்கள். பகலிலும் சரக்கு நிறுக்கும்போது தராசிலேயே கவனம் இருக்கட்டும். வாடிக்கையாளர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குச் சென்னை திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. பத்து நாள் மௌனப் பயிற்சி, கட்டணம் இல்லை. தலைவாசல் சந்தைக்குப் போகிறவர்கள், அருகிலுள்ள தியாகனூரில் தியானத்தில் அமர்ந்த பழைய புத்தர் சிலைகளையும் பார்த்து வரலாம்.

தியானம் கடனை அடைக்காது. தூக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் பதறாத மனம் பேரேட்டைத் தெளிவாகப் பார்க்கும். கடன்காரரிடம் ஒளியாமல் தவணை கேட்கும். நமக்கு அதுவே பெரிய முதல்.