எழுதப்படாத பணியும் கணினியும்

ஓர் அலுவலகத்தில் கோப்பு எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை நடைமுறை விதிகள் வரையறுக்கின்றன. ஆயினும் புதிய சிக்கலொன்று எழும்போது, எழுத்தர் அடுத்த மேசையிலுள்ள மூத்தவரைக் கேட்டறிந்த பின்னரே குறிப்பு எழுதுகிறார். இக்கலந்தாய்வு எப்பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் இது இன்றேல் பணி நடைபெறாது.

இவ்வுண்மையை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஜூலியன் ஓர் குறிப்பிடத்தக்கவர். ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் எந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் 1980-களில் உடனிருந்து அவர் ஆய்வு செய்தார். கையேட்டில் விடை காணப்படாத பழுதுகளை, அப்பணியாளர்கள் தம் அனுபவங்களை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தே சீர்செய்தனர். அவரது நூல் 1996-இல் வெளிவந்தது.

அந்நிறுவனம் 1990-களில் 'யுரேகா' என்னும் தகவல் முறையை ஏற்படுத்திற்று. பணியாளர் தாம் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார். தேர்ந்த சக பணியாளர்கள் அதனைச் சரிபார்ப்பர். பின்னர் எழுதியவரின் பெயருடன் அது அனைவருக்கும் கிடைக்கும். பணியாளர்களின் பழக்கத்தை மாற்ற முற்படாமல், அதற்குத் துணைநின்றதே இம்முறையின் சிறப்பு எனலாம்.

இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் மென்பொருள், கோப்பு எவரிடம் உள்ளது என்பதை உடனே காட்டுகிறது. இது பெரும் பயனே. ஆனால் கோப்பின் பயணத்தை மட்டும் கணினியில் ஏற்றினால் போதாது. கலந்தாய்வு கைப்பேசிச் செய்திகளுக்குள் ஒதுங்கிவிடுமாயின், அதிகாரி மாற்றலாகும்போது அவர் பெற்ற அனுபவமும் அவருடனேயே சென்றுவிடும்.

மறுபுறம், ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்ய முற்பட்டால், ஐயத்தை வெளிப்படையாகக் கேட்க எவரும் துணியார். அதேவேளையில், முடிவு வாய்மொழியாக நின்றுவிடுதலும் தகாது. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுகளின் பேரில் மட்டும் செயல்படலாகாது. அவற்றை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் அறிவுறுத்தியது.

எனவே எல்லை தெளிவாகிறது. கலந்தாய்வு தடையின்றி நிகழ வேண்டும். முடிவும் அதற்கான காரணமும் கோப்பில் இடம்பெற வேண்டும். பலருக்கும் பயன்படும் தீர்வுகள் எழுதியவர் பெயருடன் பொதுத் தொகுப்பில் சேர வேண்டும். மென்பொருளை வடிவமைப்போர் விதிநூலைப் படிப்பதோடு நில்லாது, மேசையருகே அமர்ந்து பணியைக் காண்பதும் இன்றியமையாதது.