யோனியின் நுண்ணுயிர்க் காப்பும் தூய்மை வணிகமும்

பெண்ணுடலை மாசுடையதெனக் கொள்ளும் பழங்கருத்தியலை முதலாளித்துவம் விற்பனைச் சரக்காக்கிற்று. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் லைசோல் என்னும் கிருமிகொல்லி யோனியை உட்கழுவுதற்கென விளம்பரஞ் செய்யப்பட்டது. ஆயின், அங்கு வாழும் நுண்ணுயிர்களே காப்பரண் என்பதை ஜேர்மனிய மருத்துவர் டோடர்லைன் 1892இலேயே சுட்டியிருந்தார். யோனிச் சுவரின் கிளைக்கோசன் சிதைந்து வரும் வெல்லங்களை இலக்ரோபசிலசுகள் இலக்றிக் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் நோய்க்கிருமிகளை ஒடுக்குவதோடு, மேலணிக் கலங்களின் அழற்சியையும் தணிக்கின்றது. உட்கழுவுதல் இச்சமநிலையையே குலைக்கவல்லது.

குலைந்தவிடத்துத் தோன்றும் பற்றீரியல் வஜினோசிஸ், மருந்தால் தணிந்தும் மீள்வதுண்டு. அந்நாட்டிலேயே 228 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், மருந்தின்பின் இலக்ரோபசிலசு கிறிஸ்பாற்றசு பெற்றோருள் 30 வீதமானோருக்கும், போலி மருந்து பெற்றோருள் 45 வீதமானோருக்கும் 12 வாரங்களுள் நோய் மீண்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும், ஒரு குறித்த நுண்ணுயிருக்குரிய இச்சான்றைக் கடைகளில் விற்கப்படும் எல்லா வில்லைகளுக்கும் விரிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.