மின்சாரம் திரும்பும் வழி (பழைய மோட்டார் சைக்கிள் – 7)

பிளக்கும் பொயின்ட் இடைவெளியும் முடிந்துவிட்டன. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவற்றைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கிழமை பற்றரிக்குச் சார்ஜ் அனுப்பும் ரெக்டிபையர் என்று அறிவித்திருந்தேன். அதன்மேல் பழி போடுவதற்கு முன் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது: எர்த். இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125 எல்லாம் இன்னொரு ஆயுள் ஓடவேண்டியதாயிற்று. அவற்றில் வெளிச்சம் மங்கினால் பல்ப் மாறுகிறது, பற்றரி மாறுகிறது, கடைசியில் வயரிங்கே மாறுகிறது. காசு போனபிறகும் மங்கல் போவதில்லை. பழுது பொருளில் இருப்பதைவிடப் பொருத்தில் இருப்பதே அதிகம் என்பது என் வாதம்.

பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து மின்சாரம் வயரில் போகிறது; திரும்பி வருவது பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. ஹொண்டாவில் பச்சை வயர் என்றால் எர்த். அது ஒரு வளையத்தில் முடிந்து பிரேமில் போல்ட்டால் இறுகியிருக்கும். அந்த வளையத்தின் அடியில் துரு ஏறினாலும், வண்டியைப் புதிதாக்குகிறோம் என்று பெயின்ட் அடித்தாலும் பாதை சுருங்கிவிடும். சிக்னலைப் போட்டதும் பின் லைட்டும் கூடவே மின்னுகிறதா? தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் பற்றரிக்குத் திரும்பப் பார்க்கிறது. ஆறு வோல்ட் வண்டியில் இந்த நோய் இரட்டிப்புக் கொடியது. பல்பின் ஒளி வோல்ட்டேஜோடு நேராகக் குறைவதில்லை, பாய்ந்து குறைகிறது. ஆறில் ஒரு வோல்ட் பொருத்தில் தொலைந்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். பன்னிரண்டில் அதே ஒரு வோல்ட் தொலைந்தால் முக்கால் பங்கு மிஞ்சும்.

துரு ஏன் அந்த வளையத்தடியைத் தேடிப் போகிறது என்பதற்கு ஒரு கப்பல் பதில் வைத்திருக்கிறது. 1761இல் பிரித்தானியக் கடற்படை 'அலாம்' என்ற கப்பலின் அடியைக் கப்பற்புழு அரிக்காமலிருக்கச் செப்புத் தகட்டால் மூடியது. 1763இல் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகடுகள் சுற்றிவந்த பழுப்புக் கடதாசி அந்த இடங்களில் உரிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் நின்றிருந்தது! வோல்ட்டா தன் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தது 1800இல். அதற்கு நாற்பது வருடம் முன்பே அந்தக் கப்பலின் அடியில் ஒரு மின்கலம் வேலை செய்துகொண்டிருந்தது: இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர். காரைதீவுக் கடற்கரையிலிருந்து எங்கள் வீரமுனை சில கிலோமீற்றர்தான். உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால், செம்புக் கலவையாலான வளையமும் இரும்புப் பிரேமும் அதே கலம்தான். கப்பலின் சில ஆணிகளைக் கடதாசி காப்பாற்றியது, ஆனால் எர்த்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டே ஆகவேண்டும். ஆகவே நாம் விலக்கக்கூடியது ஈரத்தை மட்டும். மின்னும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிறீஸ் பூசவேண்டும்.

"மீட்டர் வைத்தோம், பீப் அடித்தது, எர்த் சரி" என்பார்கள். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அறுந்த வயரின் ஒரே ஒரு இழைகூட அதற்குப் போதும். பிரேக் லைட்டோ ஆறு வோல்ட்டில் மூன்று அம்பியர் அளவுக்குக் கேட்கும். பிரேக்கை மிதித்தபடியே பற்றரி மைனஸுக்கும் பல்ப் கூட்டின் உடம்புக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டும். அரை வோல்ட் காட்டினால் அங்கே பொருத்து கெட்டிருக்கிறது. "புதுப் பற்றரி போட்டதும் வெளிச்சம் வந்ததே" என்பது அடுத்த மறுப்பு. பற்றரி மாற்றும் கை முனைகளைச் சுரண்டி இறுக்கவும் செய்கிறது. பழைய பற்றரியையே கழற்றித் துடைத்து மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

ரெக்டிபையர் உண்மையாகவே செத்துப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எர்த் கெட்ட வண்டியில் சார்ஜ் அளந்தால் நல்ல ரெக்டிபையரும் செத்ததாகவே தெரியும். இரண்டையும் பிரித்தறியும் வழி அடுத்த கிழமை. அதற்குள் பச்சை வயர் பிரேமைத் தொடும் இடத்தைத் தேடிச் சுரண்டி வைத்திருங்கள்.